பிள்ளைகள் தங்கள் கைச்செலவுப் பணத்தைத் தாங்களே சம்பாதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்கு இது வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நாள் "இதை வாங்க நான் என்ன வேலை செய்யட்டும்?" என்று கேட்கத் தொடங்கும். அந்த நாளில் பெரும்பாலான பெற்றோர் மகிழ்ந்துபோய், கண்ணில் பட்ட ஏதோ ஒரு சிறு வேலையைச் செய்யச் சொல்லி, அந்த வேலையின் மதிப்பைவிடப் பல மடங்கு பணத்தைப் பிள்ளையின் கையில் வைத்துவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான் என்றாலும், அது கூலி என்று பெயர் சூட்டப்பட்ட பரிசு. பரிசைப் பரிசாகவே கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் சம்பாத்தியம் என்று சொன்னால், "யாருடைய எந்தத் தேவையை நிறைவேற்றியதால் இந்தப் பணம் எனக்கு வந்தது?" என்ற கேள்விக்குப் பிள்ளையால் ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடிய வேண்டும். அந்த விடை உண்மையானதாக இருந்தால், கிடைத்த தொகை எவ்வளவு சிறியதாயினும் அது பிள்ளையின் சொந்தப் பணமாகும்.

கீழே வருபவை அப்படிப்பட்ட பணத்தை ஒரு பிள்ளை ஈட்டுவதற்கான படிகள். இவற்றைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வாசித்துப் பேசிக்கொண்டால் நல்லது. ஏனெனில் வேலை பிள்ளையுடையது, எல்லைகளைக் காக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

படி 1: தொடங்குமுன் எல்லைகளை வகுத்துக்கொள்ளுதல்

குழந்தை உழைப்பு என்னும் கொடுமைக்கும், பிள்ளை தன் விருப்பத்தால் ஓய்வு நேரத்தில் செய்யும் சிறு வேலைக்கும் இடையே உள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1973-இல் ஏற்றுக்கொண்ட 138-ஆம் உடன்படிக்கை, வேலைக்கு அமர்த்தப்படுவதற்கான குறைந்தபட்ச வயது கட்டாயக் கல்வி முடியும் வயதுக்கும், எப்படியாயினும் 15 வயதுக்கும் குறைவாக இருக்கக் கூடாது என்று சொல்கிறது. உடல்நலத்தையும் பள்ளிப் படிப்பையும் பாதிக்காத இலகுவான வேலைகளை மட்டும் 13 முதல் 15 வயது வரையுள்ளோருக்கு நாடுகள் அனுமதிக்கலாம். பொருளாதாரமும் கல்வி வசதியும் போதிய அளவு வளராத நாடுகள் இந்த வரம்புகளைத் தொடக்கத்தில் 14 ஆகவும் 12 ஆகவும் வைத்துக்கொள்ளலாம். ஆபத்தான வேலைகளுக்கான வயது 18. ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு, பொருளாதாரச் சுரண்டலிலிருந்து காக்கப்படும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிக்கிறது. அதற்கு முந்தைய 31-ஆம் பிரிவு ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்த இரு பிரிவுகளும் அடுத்தடுத்து இருப்பதை நான் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் விளையாட்டு நேரத்தைத் தின்றுவிட்டு வரும் எந்த வருமானமும் பிள்ளைக்கு நட்டம்தான். உங்கள் நாட்டின் சட்டம் மேற்சொன்னவற்றைவிடக் கடுமையானதாக இருக்கக்கூடும் என்பதால், முறையான வேலை எதிலும் சேர்ப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டளவில் நான்கு எல்லைகள் போதும். பிள்ளையின் பணம் குடும்பச் செலவுக்குத் தேவைப்படக் கூடாது. படிப்பும் உறக்கமும் குறையக் கூடாது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் அளித்த பரிந்துரையின்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. எனவே பள்ளி, வீட்டுப்பாடம், விளையாட்டு, உறக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் மணிக்கணக்காக எழுதிப் பார்த்து, எஞ்சும் நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் வேலைக்கு ஒதுக்க வேண்டும். மூன்றாவது, யார் வீட்டுக்குச் செல்லலாம், எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ள வேண்டும். பெற்றோருக்கு நன்கு தெரியாத ஒருவரின் வீட்டுக்குள் பிள்ளை தனியாகச் செல்லும் வேலை, எவ்வளவு நல்ல கூலியாயினும் வேண்டாம். நான்காவதாக, ஏணி, மின்கருவி, கடுமையான வேதிப்பொருள், கூர்மையான வெட்டுக்கருவி, ஆழமான நீர் ஆகியவை உள்ள வேலைகளை முழுவதுமாக விலக்கிவிடுங்கள்.

படி 2: வீட்டு வேலையில் எதற்குப் பணம், எதற்குப் பணமில்லை

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

தன் படுக்கையை மடிப்பது, தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, தன் அறையைப் பெருக்குவது, தம்பி தங்கையரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினால், ஒரு நாள் பிள்ளை "எனக்கு இன்று பணம் வேண்டாம், அதனால் தட்டைக் கழுவப் போவதில்லை" என்று சொல்லும்; நாம் வகுத்த விதிப்படி அந்தப் பதில் நியாயமானதாகவும் இருக்கும். ஒரே கூரையின் கீழ் வாழ்வதால் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கை விலைக்கு விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுகளும் இந்த எச்சரிக்கைக்கு வலுச் சேர்க்கின்றன. உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியம் வரைவதை இயல்பாகவே விரும்பிய சிறு குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் பரிசு ஏதுமில்லாத நாட்களில் அந்தப் பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு 20 மாதக் குழந்தைகளைப் பற்றியது. உதவி செய்தபோது பொருள் வெகுமதி பெற்ற குழந்தைகள், அடுத்த கட்டத்தில் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். பிள்ளை தானாக விரும்பிச் செய்யும் செயலுக்கு விலை வைப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இவை சான்று.

எனவே வீட்டில் பணம் கொடுக்கத் தகுந்த வேலையை அடையாளம் காண நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது: பிள்ளை இதைச் செய்யாவிட்டால் வெளியாள் ஒருவருக்குப் பணம் கொடுத்துச் செய்விப்பேனா, அல்லது செய்விக்க விரும்பியும் நேரமின்றிப் பல மாதங்களாகத் தள்ளிப்போட்டிருக்கிறேனா? ஆம் என்றால் அது கூலிக்குரிய வேலை. வாகனத்தைக் கழுவித் துடைத்தல், குவிந்து கிடக்கும் பழைய தாள்களைப் பிரித்துக் கட்டுதல், பெட்டியில் கிடக்கும் குடும்பப் புகைப்படங்களை ஆண்டுவாரியாக அடுக்குதல், தோட்டத்துக் களை பிடுங்குதல் போன்றவை இந்த வகையைச் சேரும்.

கொடுப்பது என்று முடிவு செய்தால் கௌரவமான தொகையாகக் கொடுங்கள். யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டிய மாணவர்களில், திரட்டும் தொகையில் 1 விழுக்காடு தரப்படும் என்று சொல்லப்பட்டவர்கள், ஒன்றுமே தரப்படாதவர்களைவிடக் குறைவாகவே திரட்டினார்கள். சில்லறையை வீசுவது போன்ற கூலியைக் காட்டிலும், "இதை எனக்காகச் செய்து தருவாயா?" என்ற வேண்டுகோள் பிள்ளையிடம் அதிக மதிப்புப் பெறும்.

படி 3: தேவையைக் கண்டுபிடித்தல்

பிள்ளையிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்கள் "ஐயோ, இதைச் செய்ய நேரமே கிடைக்கவில்லை" என்றோ, "இது எனக்குப் புரிவதே இல்லை" என்றோ சொல்லும்போதெல்லாம் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்காது. தனக்கு என்ன வரும் என்று யோசிப்பதைவிடப் பிறருக்கு என்ன வேண்டும் என்று கவனிப்பதில் தொடங்கும் பிள்ளைக்கு வேலை விரைவில் கிடைக்கும். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து, தன்னால் செய்யக்கூடியதும் எல்லைகளுக்குள் அடங்குவதுமான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும்.

ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயும் நெருங்கிய உறவினரிடமும் உள்ள வேலைகள் போதும். தான் பயன்படுத்தாத விளையாட்டுப் பொருள்களையும் படித்து முடித்த கதைப் புத்தகங்களையும் துடைத்துச் சரிபார்த்து விற்பது இந்த வயதில் மிகப் பொருத்தமானது. விற்பதற்கு முன் அந்தப் பொருள் உண்மையில் தன்னுடையதுதானா என்று கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அன்பளிப்பாகக் கொடுத்தவர் வருந்துவாரா, தம்பிக்கு அது தேவைப்படுமா என்பவையும் அதே கேள்வியின் பகுதிகள்தாம். உடைந்த பொருளை உடைந்தது என்று சொல்லி விற்க வேண்டும். இணையத்தில் விற்பதானால் கணக்கு பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். வாங்குபவரைச் சந்திப்பதும் பெற்றோரின் வேலையே.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான காலம், என் பார்வையில், இதற்கெல்லாம் பொன்னான காலம். பொறுப்பு புரியும் வயது, அதே சமயம் சிறு வருமானமும் பெருமகிழ்ச்சி தரும் வயது. வெளியூர் செல்லும் அண்டை வீட்டாரின் செடிகளுக்கு நீர் ஊற்றலாம். அவர்கள் வளர்க்கும் மீனுக்கோ பூனைக்கோ உணவு வைக்கலாம். சைக்கிள் கழுவித் தரலாம், வாழ்த்து அட்டைகள் செய்து விற்கலாம், சின்னஞ்சிறு குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டலாம். நாயை நடக்க அழைத்துச் செல்வதாக இருந்தால், பிள்ளையைவிட வலிமையான நாயைக் கையில் கொடுக்கக் கூடாது. சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சைக்கிள் கழுவுவதை எடுத்துக்கொண்டு, ஒரு வேலையை விற்பனைக்குரிய தரத்தில் செய்வது என்றால் என்ன என்று காட்டுகிறேன். முதலில் உலர்ந்த தூரிகையால் மண்ணையும் தூசியையும் தட்டிவிட வேண்டும். நேராக ஈரத் துணியால் தேய்த்தால் மணல் துகள்கள் வண்ணப்பூச்சைக் கீறிவிடும். பழைய பல்துலக்கியால் சங்கிலியிலும் பற்சக்கரத்திலும் படிந்த கருமையைச் சுரண்டி எடுத்த பின், மிதமான சோப்பு நீரால் மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சக்கர அச்சுகளிலும் மிதிகட்டை அச்சிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உள்ளிருக்கும் மசகு கழுவப்பட்டுவிடும் என்பதால் அங்கே துணியால் துடைத்தால் போதும். நன்றாக உலர்த்திய பிறகு, மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சொட்டுச் சங்கிலி எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் வண்டி நிற்காது. சுழலும் சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும் அருகே விரலைக் கொண்டுசெல்லக் கூடாது. இவ்வளவையும் தன் வீட்டுச் சைக்கிளில் மூன்று முறை செய்து பழகிய பிள்ளையே அடுத்தவர் வண்டியில் கைவைக்கத் தகுதி பெறுகிறது.

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய்ப்புகள் விரிவடைகின்றன. தன்னைவிட இளைய மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கோப்புகளுக்கு முறையாகப் பெயரிட்டுக் கொடுப்பது, தட்டச்சு, சிறு நிகழ்ச்சிகளில் படம் எடுப்பது முதலியன. முதியவர்களுக்குக் கைபேசியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது எல்லா ஊரிலும் தேவைப்படும் வேலை. அதைச் செய்யும் பிள்ளைக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, முதியவரின் விரலால்தான் திரையைத் தொட வேண்டும். நாமே செய்து காட்டிவிட்டால் அவர் கற்றுக்கொள்வதில்லை. மற்றொன்று, கடவுச்சொல், ஒருமுறை கடவுஎண், வங்கி விவரம் ஆகியவற்றை அவர் உள்ளிடும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவரே சொல்ல முன்வந்தாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது.

இணையத்தில் சம்பாதிப்பது குறித்துப் பிள்ளைகள் பெரும் கனவுகளோடு வருவார்கள். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட குழந்தைகளின் இணையத் தனியுரிமைச் சட்டம், 13 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான சமூக ஊடகத் தளங்கள் 13 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்திருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். யூடியூப் விளம்பர வருமானத்தைப் பெறப் பயன்படும் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், பிள்ளையின் காணொளி வருமானம் பெற்றோர் வழியாகவே வர முடியும். வயதை மாற்றிச் சொல்லிக் கணக்குத் தொடங்குவதை அனுமதிக்காதீர்கள். "பதிவுக் கட்டணம் செலுத்தினால் வேலை" என்று சொல்வது மோசடி. "உன் கணக்கில் பணம் போடுகிறேன், அதை இன்னொருவருக்கு அனுப்பினால் ஒரு பங்கு உனக்கு" என்பது அதைவிடக் கொடியது. திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் குற்றத்தில் அறியாப் பிள்ளையைச் சிக்கவைக்கும் வழி அது. இவ்விரண்டையும் பிள்ளைக்கு வெளிப்படையாக விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

படி 4: விலை வைத்தல்

பிள்ளைகள் பொதுவாக இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார்கள். வாங்க நினைத்திருக்கும் பொருளின் விலையைப் பார்த்துக் கூலியை முடிவு செய்வார்கள், அல்லது கூச்சத்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இரண்டுக்கும் மருந்து கணக்குதான். நாணயத்தின் பெயர் எதுவாயினும் கணக்கு மாறாது என்பதால் அலகு என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு பிள்ளை 12 வாழ்த்து அட்டைகள் செய்யத் திட்டமிட்டு, அட்டை, உறை, வண்ணம், பசை எல்லாவற்றுக்குமாக 60 அலகு செலவழிக்கிறது. இரண்டு அட்டைகள் வண்ணம் சிந்திக் கெட்டுப்போகின்றன. எஞ்சிய பத்து அட்டைகளில் ஒவ்வொன்றின் அடக்க விலை 6 அலகு. 12-ஆல் வகுத்து 5 என்று போட்டால் கெட்டுப்போனதன் நட்டம் கணக்கில் வராது. ஓர் அட்டைக்கு 25 நிமிடம் என்றால் பன்னிரண்டுக்கும் ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. அட்டையை 10 அலகுக்கு விற்றால், பத்தும் விற்றுப்போகும் நிலையில் இலாபம் 40, அதாவது மணிக்கு 8 அலகு. ஏழுதான் விற்றன என்றால் கைக்கு வருவது 70, இலாபம் 10, மணிக்கு வெறும் 2 அலகு. ஆறு விற்றால் முதல் மட்டும் திரும்பும். அதே பிள்ளை அரை மணி நேரத்தில் ஒரு சைக்கிளைக் கழுவி 10 அலகு பெற்று, சோப்புக்கும் எண்ணெய்க்கும் 1 அலகு செலவழித்தால், மணிக்கு 18 அலகு கிடைக்கிறது.

இதைத் தன் கையால் எழுதிப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை அருகிலிருந்து கவனியுங்கள். பொருளைச் செய்து விற்பதில் முதலும் விற்காமல் போகும் ஆபத்தும் உண்டு, சேவையில் அவை குறைவு என்பது அங்கே தானாக விளங்கிவிடும். ஆனாலும் அட்டை செய்வதுதான் பிடிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தடுக்க வேண்டாம். முன்கூட்டியே கேட்டவர்களுக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள், விற்காமல் போகும் ஆபத்து நீங்கிவிடும். தொடக்க முதல் தேவைப்பட்டால் கடனாகக் கொடுங்கள். முதல் வருமானத்திலிருந்து கடன் அடைபடட்டும்.

உண்ணும் பொருள்களைச் செய்து விற்பதற்குப் பல இடங்களில் உரிமமும் தூய்மை விதிகளும் உண்டு, ஒவ்வாமை ஆபத்தும் உண்டு. முதல் முயற்சியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: வேலையைக் கேட்டுப் பெறுதல்

பிள்ளைக்காகப் பெற்றோர் வேலை கேட்டுக் கொடுத்தால், எதிரே உள்ளவர் முகத்துக்காக ஒப்புக்கொள்வார், பிள்ளைக்கு மறுபடியும் பரிசே கிடைக்கும். பெற்றோர் அருகில் நிற்கலாம், பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். என்ன செய்வேன், எப்போது செய்வேன், எவ்வளவு, வேண்டாமென்றால் பரவாயில்லை என்ற நான்கும் பேச்சில் இருக்க வேண்டும். "அக்கா, நான் சைக்கிள் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன். சனிக்கிழமை காலை வருவேன், அரை மணி நேரம் ஆகும். ஒரு வண்டிக்குப் பத்து. இப்போது தேவையில்லை என்றாலும் பரவாயில்லை, தேவைப்படும்போது சொல்லுங்கள்" என்பது போதும். வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பழகிவிட்டுச் செல்வது நல்லது. மறுப்பு வரும், அதுவும் பலமுறை வரும். மறுத்தவரிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வரும் பிள்ளையை அன்று மனமாரப் பாராட்டுங்கள், ஏனெனில் வேலை செய்வதைவிடக் கேட்பதற்கே அதிகத் துணிவு தேவை.

ஒப்புக்கொண்ட வேலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு கூலி, எப்போது தரப்படும். பெரியவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றுவதைவிட, "எவ்வளவு என்று சொன்னாய், மறந்துவிட்டேன்" என்பதில்தான் பிள்ளைகளின் கூலி அதிகம் கரைகிறது.

படி 6: வேலையைச் செய்து முடித்தல்

இங்கே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகனுக்குப் பதினோரு வயதானபோது, அண்டை வீட்டார் பத்து நாள் வெளியூர் சென்றார்கள். அவர்களுடைய ஐந்து தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவன் ஏற்றான். கூலி வாங்குகிறோமே, குறை வைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் ஒரு நாள் தவறாமல் ஐந்துக்கும் நிறைய நீர் ஊற்றினான். அவற்றில் ஒன்று கள்ளி. எட்டாம் நாள் அதன் அடிப்பகுதி மஞ்சளித்துக் கொழகொழவென்று ஆகியிருந்தது. அவன் அழுதுகொண்டே வந்தான். நான் போய்ப் பேசிச் சமாளித்திருக்கலாம். அதே போன்ற ஒரு செடியை வாங்கி வைத்து மறைத்திருக்கவும் முடியும். இரண்டையும் செய்யாமல், அவர்கள் திரும்பிய அன்று அவனையே போய்ச் சொல்லச் சொன்னேன். கூலி வேண்டாம் என்று அவன் சொல்ல, அவர்கள் நான்கு செடிகளுக்கு உரியதை வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தினார்கள். அடுத்த விடுமுறையிலும் அவனையே அழைத்தார்கள். அந்த முறை அவன் ஒவ்வொரு தொட்டியிலும் "தினமும்", "மூன்று நாளுக்கு ஒருமுறை", "தொடவே கூடாது" என்று சீட்டு ஒட்டிக்கொண்டான். ஐயம் வந்தால் விரலை மண்ணில் ஒரு கணு அளவு நுழைத்துப் பார்த்து, ஈரமிருந்தால் விட்டுவிட்டான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் நிலைத்துவிட்டன. வேலையைத் தொடங்குமுன், வேலை கொடுப்பவர் இருக்கும்போதே ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வது, முடித்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவது, தவறு நேர்ந்தால் அவர் கண்டுபிடிப்பதற்கு முன் தானே சொல்வது. சொன்ன நேரத்துக்குப் போக முடியாதென்றால் முந்தைய நாளே தெரிவிப்பதும் இவற்றோடு சேரும்.

படி 7: கணக்கு எழுதுதல்

வேலை நோட்டிலேயே பின்பக்கமிருந்து கணக்கைத் தொடங்கலாம். தேதி, யாருக்கு என்ன செய்தேன், எத்தனை நிமிடம், வரவு, செலவு, கையிருப்பு என்று ஆறு கட்டங்கள் போதும். இதில் நிமிடக் கட்டத்தை யாரும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் எந்த வேலை உண்மையில் பயன் தருகிறது என்பதை அந்தக் கட்டமே காட்டுகிறது. எழுதிய கையிருப்பும் பெட்டியில் உள்ள பணமும் வாரம் ஒருமுறை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெற்றோர் குறையை நிரப்பிவிடாமல், எங்கே விட்டது என்று சேர்ந்து தேடுங்கள்.

படி 8: வந்த பணத்தை ஆளுதல்

கையில் எடுத்துச் செலவழிப்பதற்கு ஒரு பகுதி, குறிப்பிட்ட பொருளுக்காகச் சேமிப்பதற்கு ஒரு பகுதி என்று வேலை தொடங்கும்போதே பிரித்துக்கொள்வது நல்லது. பிறருக்குக் கொடுப்பதற்கென மூன்றாவது பகுதியைப் பிள்ளை தானே கேட்டால் வைக்கலாம், பெற்றோர் கட்டாயப்படுத்த வேண்டாம். விகிதத்தைப் பிள்ளை முடிவு செய்யட்டும், முடிவு செய்ததை மூன்று மாதம் மாற்றாமல் இருக்கட்டும்.

கூட்டு வட்டியை உணர்த்த வீட்டிலேயே ஒரு சிறு வங்கி நடத்தலாம். பிள்ளை 100 அலகைப் பெற்றோரிடம் போட்டுவைத்து எடுக்காமல் இருந்தால், மாத முடிவில் இருக்கும் தொகைக்கு 5 விழுக்காடு வட்டி என்று வையுங்கள். 12 மாதம் கழித்து அது ஏறத்தாழ 180 அலகாக நிற்கும். வட்டிக்கு வட்டி சேராமல், தொடக்கத் தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிட்டிருந்தால் 160 அலகுதான். உண்மையான வங்கிகள் இவ்வளவு தருவதில்லை, காலம் சுருக்கமாகத் தெரிவதற்காகவே இந்த விகிதம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். கணக்கிலும் அதை வருமானம் என்று எழுதாமல் வட்டி என்று தனியாகவே எழுத வேண்டும்.

செலவழிக்கும் உரிமை பிள்ளையுடையது. ஆபத்தானவற்றையும் வீட்டின் அடிப்படை விதிகளை மீறுபவற்றையும் தவிர மற்றவற்றில், "இதற்கா இவ்வளவு பாடுபட்டாய்?" என்ற சொல் நம் வாயிலிருந்து வரவே கூடாது. வாங்கிய மறுநாளே உடைந்துபோகும் ஒரு பொம்மை, இரண்டு சைக்கிள் கழுவியதற்குச் சமம் என்பதைப் பிள்ளையின் நோட்டே சொல்லிவிடும்.

இடையில் வரும் சிக்கல்கள்

கூலி தராமல் ஒருவர் இழுத்தடித்தால், பிள்ளை எழுதிவைத்த தாளோடு ஒருமுறை மரியாதையாக நினைவூட்டலாம். அதற்கும் பலனில்லை என்றால் அந்த இடத்தில் பெற்றோர் தலையிடுவது கடமை. பெரியவர் ஏமாற்றிய அனுபவத்தோடு பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது. ஒரு வீட்டுக்குச் செல்லப் பிள்ளை தயங்கினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த வேலையை அன்றே நிறுத்திவிடுங்கள். கேள்விகளைப் பிறகு, அமைதியாகக் கேட்டுக்கொள்ளலாம். உடன்பிறந்தவர்களுக்குள் யார் அதிகம் ஈட்டினார்கள் என்ற ஒப்பீடு எழுந்தால், கணக்கு நோட்டுகளை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டியதில்லை என்ற விதி உதவும். மதிப்பெண் குறைந்தாலோ, முகம் சோர்ந்தாலோ, விளையாட அழைக்கும் நண்பர்களிடம் "வேலை இருக்கிறது" என்ற பதில் அடிக்கடி வந்தாலோ, வேலையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வேலையை விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதையும் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். தேர்வு வருகிறது அல்லது ஆர்வம் குறைந்துவிட்டது என்றால், வாடிக்கையாக வேலை கொடுப்பவர்களிடம் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக நேரில் சென்று சொல்லி, ஒப்புக்கொண்ட கடைசி முறையை வழக்கமான தரத்திலேயே முடித்து, சாவியோ கருவியோ கையில் இருந்தால் திருப்பிக் கொடுத்து, அதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொரு பிள்ளை தெரிந்திருந்தால் அந்தப் பெயரையும் சொல்லிவிட்டு வர வேண்டும். நோட்டில் கடைசி வரவை எழுதிக் கோடு போட்டபின், அடுத்த வேலைக்கான பட்டியலை மறுபக்கத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.